சிங்கப்பூரில் இறந்த அப்பாவின் சொத்தை ஊரில் இருக்கும் குடும்பம் பெறுவது எப்படி: முழுமையான வழிகாட்டி

அப்பா பல வருடம் சிங்கப்பூரில் வேலை பார்த்தார், அங்கேயே இறந்துவிட்டார். அம்மாவும் பிள்ளைகளும் தமிழ்நாட்டில். அங்கே ஒரு வங்கிக் கணக்கு, மத்திய சேமநிதிப் பணம் (சிபிஎஃப், நம் ஊர் பிஎஃப் போன்றது), சிலருக்கு ஒரு வீடு. இங்கே ஒரு என்ஆர்இ கணக்கு (வெளிநாட்டில் வசிக்கும் இந்தியருக்கான வங்கிக் கணக்கு), கொஞ்சம் நிலம். இப்படிப்பட்ட குடும்பத்துக்கான வழிகாட்டி இது.

எங்கள் வீட்டில் இந்த வேலையை முடித்த பிறகு, உறவிலும் பழக்கத்திலும் சிலருக்குக் கூடவே இருந்து செய்து கொடுத்தேன். பெரும்பாலானவர்கள் தடுக்கி விழுவது வரிசையில்தான். ஆவணங்கள் எப்படியும் கிடைத்துவிடும். அவற்றை முன்பின்னாக வாங்கி, செல்லாமல் போய், மறுபடி வாங்குவதில்தான் மாதங்கள் ஓடுகின்றன. அதனால் கீழே உள்ள எண் வரிசையிலேயே போங்கள். டாலர் என்று வருமிடமெல்லாம் சிங்கப்பூர் டாலர்.

1. முதல் சில நாட்கள்: பணத்தைத் தொடாதீர்கள், கையெழுத்துப் போடாதீர்கள்

அப்பாவின் ஏடிஎம் அட்டை யாரிடமாவது இருக்கும், ரகசிய எண்ணும் தெரிந்திருக்கும். “கணக்கை முடக்கிவிடுவார்கள், அதற்குள் எடுத்துவிடலாம்” என்று கூட இருந்த நண்பரோ சித்தப்பாவோ நல்லெண்ணத்தில் சொல்வார். எடுக்கக் கூடாது. இறந்த நேரத்திலிருந்து அந்தப் பணம் எல்லா வாரிசுகளுக்கும், அப்பாவுக்குக் கடன் கொடுத்தவர்களுக்கும் பொதுவானது. பின்னால் நீதிமன்றத்துக்குக் காட்டுவது இறந்த நாளன்று இருந்த இருப்பை. நடுவில் குறைந்த தொகைக்கு எடுத்தவர்தான் பதில் சொல்ல வேண்டும். இறுதிச் சடங்குக்குக் கைக்காசு போட்டவர் ரசீதுகளை வைத்திருந்தால் போதும். நியாயமான சடங்குச் செலவு சொத்திலிருந்து முதலில் கழிக்கப்படும்.

“முழுத் தொகையும் பெற்றுக்கொண்டேன், இனி எந்தக் கோரிக்கையும் இல்லை” என்று முதலாளி தரப்பு நீட்டும் தாளிலும், “என் பங்கு வேண்டாம்” என்று அண்ணன் தம்பிகள் எழுதச் சொல்லும் தாளிலும் இப்போது கையெழுத்துப் போடாதீர்கள். என்ன இருக்கிறது என்பதே தெரியாதபோது எதை விட்டுக்கொடுக்கிறோம் என்று யாருக்குத் தெரியும்?

இந்த நாட்களில் செய்ய வேண்டிய ஒரே அவசர வேலை காகிதங்களைக் காப்பாற்றுவது. வாடகை அறையையோ தொழிலாளர் விடுதிக் கட்டிலையோ சீக்கிரம் காலி செய்துவிடுவார்கள். துணிமணி வந்து சேரும், கடிதக் கட்டு குப்பைக்குப் போகும். அங்கே இருப்பவரிடம் சொல்லி ஒவ்வொரு கடிதத்தையும் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அடையாள அட்டை, கடவுச்சீட்டு, வங்கி அறிக்கை, சேமநிதிக் கடிதம், காப்பீட்டுப் பத்திரம், சம்பளச் சீட்டு எல்லாம் வேண்டும். கைபேசியும் சிம் அட்டையும் முக்கியம். எந்த வங்கி, எந்தக் காப்பீடு என்பது அதில் வரும் குறுஞ்செய்திகளில்தான் தெரியவரும். அதைப் பயன்படுத்திப் பணம் மாற்ற வேண்டாம், அவ்வளவுதான்.

2. இறப்புச் சான்றிதழ்

2022 மே 29 முதல் சிங்கப்பூரில் மருத்துவர் இறப்பை உறுதி செய்தாலே பதிவும் தானாக நடந்துவிடுகிறது. சான்றிதழ் மின்வடிவில்தான் வரும், ‘மை லெகசி’ அரசுத் தளத்திலிருந்து பதிவிறக்க வேண்டும். அதற்கு 30 நாள் கெடு உண்டு. ஊரில் சடங்குகளில் மூழ்கியிருக்கும் குடும்பம் இதைக் கோட்டைவிடுவது சகஜம். அங்கே இருக்கும் ஒருவரிடம் அன்றே பதிவிறக்கச் சொல்லி, கோப்பை மூன்று நான்கு பேரின் மின்னஞ்சலில் போட்டு வையுங்கள்.

அப்பா இந்தியக் குடிமகன் என்றால் சிங்கப்பூரில் உள்ள இந்தியத் தூதரகத்திலும் இறப்பைப் பதிவு செய்து, கடவுச்சீட்டை ரத்து செய்து வாங்குங்கள். உடலை ஊருக்குக் கொண்டுவந்தவர்கள் எப்படியும் தூதரகத்துக்குப் போயிருப்பார்கள், அப்போதே இதையும் கேட்டுவிடலாம்.

ஊர் நகராட்சியிலோ பேரூராட்சியிலோ போய் இறப்பைப் பதிவு செய்ய முயல வேண்டாம். பிறப்பும் இறப்பும் நடந்த இடத்தில்தான் பதிவாகும். இங்கே எரித்தோம், இங்கே புதைத்தோம் என்பதற்காக இங்கே இறப்புச் சான்றிதழ் வாங்கித் தருவதாக ஒரு தரகர் சொன்னால் அவரை விட்டு விலகுங்கள். ஒரே மனிதருக்கு இரண்டு ஊரில் இரண்டு இறப்புச் சான்றிதழ் இருப்பது பின்னால் நீதிமன்றத்தில் பெரிய தலைவலி.

3. எந்த நாட்டுச் சட்டம்?

யாருக்கு எவ்வளவு என்பதைக் கணக்குப் போடும் முன் இதைத் தீர்க்க வேண்டும். உயில் இருக்கிறதா என்று முதலில் தேடுங்கள். சிங்கப்பூரில் ‘வில்ஸ் ரெஜிஸ்ட்ரி’ என்று ஒன்று உண்டு. அதில் உயில் இருக்காது, உயில் எங்கே வைக்கப்பட்டிருக்கிறது என்ற தகவல் இருக்கும். அதில் பதிவது கட்டாயம் இல்லை என்பதால், பதிவில் இல்லாவிட்டால் உயிலே இல்லை என்று முடிவு கட்டாதீர்கள்.

உயில் இல்லை என்றால் பொது விதி இது. வீடு, நிலம் போன்ற அசையாச் சொத்து எந்த நாட்டில் இருக்கிறதோ அந்த நாட்டுச் சட்டப்படி போகும். வங்கிப் பணம், பங்கு போன்ற அசையும் சொத்து, இறந்தவர் எந்த நாட்டை நிரந்தர வாழிடமாகக் கொண்டிருந்தாரோ அந்த நாட்டுச் சட்டப்படி போகும். சட்டத்தில் இதை டொமிசைல் என்பார்கள். குடியுரிமையும் டொமிசைலும் ஒன்றல்ல. 20 வருடம் வொர்க் பர்மிட்டில் இருந்து, ஊரில் வீடு கட்டி, ஓய்வுபெற்றதும் திரும்பிவிடும் எண்ணத்தில் இருந்தவரின் டொமிசைல் பெரும்பாலும் இந்தியாதான். குடியுரிமை வாங்கி, வீடு வாங்கி, அங்கேயே தங்கிவிட்டவருக்கு சிங்கப்பூர். நிரந்தரவாசியாக (பிஆர்) இருந்தவர்கள் நடுவில் நிற்பார்கள். அவர்கள் விஷயத்தில் வழக்கறிஞரின் கருத்தை எழுத்தில் வாங்கிவிடுவது நல்லது.

இதனால் பணக் கணக்கு எவ்வளவு மாறும் என்று பாருங்கள். அப்பாவுக்கு மனைவி, இரண்டு பிள்ளைகள், உயிரோடு இருக்கும் தாய். அங்கே வங்கியில் 1,00,000 டாலர். சிங்கப்பூர்ச் சட்டப்படி மனைவிக்குப் பாதி 50,000, பிள்ளைகளுக்கு ஆளுக்கு 25,000, தாய்க்கு ஒன்றும் இல்லை. இந்து வாரிசுரிமைச் சட்டம் 1956இன்படி தாயும் முதல் வகுப்பு வாரிசு. நான்கு பேருக்கும் ஆளுக்கு 25,000. ஒரே பணம், ஒரே குடும்பம். அம்மாவின் பங்கு பாதியாகிறது, பாட்டிக்கு ஒரு பங்கு வருகிறது. “பாட்டிக்கு எதற்கு” என்று அவரை விட்டுவிட்டு மனுப் போட்ட குடும்பங்கள் உண்டு. பாட்டி அதற்குப் பிறகு இறந்துபோனால் அவருடைய பங்குக்கு அத்தைகளும் சித்தப்பாக்களும் வந்து நிற்பார்கள்.

முஸ்லிம் குடும்பங்களுக்கு மேலே சொன்ன பங்கு விகிதம் பொருந்தாது. அங்கே ஷரியா நீதிமன்றத்தில் வாரிசுப் பங்குச் சான்றிதழ் வாங்கிக்கொண்டுதான் அடுத்த படிக்குப் போக வேண்டும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அப்பாவுக்கு அங்கே இன்னொரு குடும்பம் இருந்தது என்று இப்போதுதான் தெரியவரும் வீடுகள் உண்டு. மறைக்காதீர்கள். இந்து திருமணச் சட்டம் 16ஆம் பிரிவின்படி செல்லாத திருமணத்தில் பிறந்த பிள்ளைக்கும் தகப்பன் சொத்தில் உரிமை உண்டு. சத்தியப் பிரமாணத்தில் ஒரு வாரிசை விட்டால், வாங்கிய உத்தரவே ரத்தாகலாம்.

4. பட்டியல்: சொத்தை மூன்று குவியலாகப் பிரியுங்கள்

இந்தப் படியைத் தாண்டிக் குதிப்பவர்கள்தான் அதிகம், அதற்கான விலையும் அதிகம். எல்லாச் சொத்துக்கும் நீதிமன்ற உத்தரவு தேவையில்லை. எதற்குத் தேவை, எதற்குத் தேவையில்லை என்று பிரித்தால் பாதி வேலை குறைந்துவிடும்.

முதல் குவியல், நியமனத்தாலோ சட்டத்தாலோ நேராக வருவது. இதில் பெரியது மத்திய சேமநிதி. அப்பா குடிமகனாகவோ நிரந்தரவாசியாகவோ இருந்தால் இது இருக்கும். உயிரோடு இருக்கும்போது யாரையாவது நியமித்திருந்தால், சேமநிதி வாரியம் அவருக்கு நேரடியாகப் பணம் கொடுக்கும். உயில் இந்தப் பணத்தைக் கட்டுப்படுத்தாது. நியமனம் இல்லாவிட்டால் பணம் பொது அறங்காவலர் (பப்ளிக் டிரஸ்டி) என்ற அரசு அலுவலகத்துக்குப் போகும், அவர்கள் வாரிசுச் சட்டப்படி பிரித்துத் தருவார்கள். அதற்கு ஒரு கட்டணம் உண்டு.

இங்கே கவனிக்க வேண்டிய ஒரு விதி: திருமணம் செய்துகொண்டால் அதற்கு முன் போட்ட சேமநிதி நியமனம் ரத்தாகிவிடும். விவாகரத்தால் ரத்தாகாது. கல்யாணத்துக்கு முன் அண்ணனை நியமித்திருந்தால் அது செல்லாது. பிரிந்துபோன முதல் மனைவியின் பெயரை மாற்றாமல் விட்டிருந்தால் அது செல்லும்.

இந்தியாவில் வங்கி நாமினி என்றால் பணத்தை வாங்கி வைத்திருக்கும் ஆள்தான், உரிமை வாரிசுகளுக்கு. சேமநிதியில் அப்படியில்லை, நியமிக்கப்பட்டவருக்கே பணம் சொந்தம். ஊர்ப் பழக்கத்தில் “நாமினிதானே, எல்லோருக்கும் பிரித்துக் கொடு” என்று சண்டை போடும் முன் இந்த வித்தியாசத்தைக் குடும்பத்துக்குச் சொல்லிவிடுங்கள்.

அடுத்தது டிபிஎஸ் என்ற சார்ந்தோர் பாதுகாப்புக் காப்பீடு. சேமநிதி உறுப்பினர்கள் பலருக்குத் தாங்கள் அதில் இருப்பதே தெரியாது. 60 வயதுக்குள் இறந்தால் 70,000 டாலர், அதற்கு மேல் 65 வரை 55,000 டாலர். 2021 ஏப்ரல் முதல் கிரேட் ஈஸ்டர்ன் நிறுவனம் இதை நடத்துகிறது. சந்தா நின்றுபோயிருந்தால் பாதுகாப்பும் இருக்காது, ஆனாலும் கேட்டுப் பார்த்துவிடுங்கள்.

வேலையில் நடந்த விபத்தாலோ வேலையால் வந்த நோயாலோ இறந்திருந்தால், வேலைக்காய இழப்பீட்டுச் சட்டம் வரும். 2025 நவம்பர் 1 முதல் நடந்த விபத்துகளுக்கு இறப்பு இழப்பீடு குறைந்தது 91,000, அதிகபட்சம் 2,69,000 டாலர். மனித வள அமைச்சில் ஓராண்டுக்குள் கோர வேண்டும். வொர்க் பர்மிட்டில் இருந்தவர்களின் குடும்பங்கள் முதலாளி கொடுத்த தொகையோடு நின்றுவிடுகின்றன. முதல் படியில் கையெழுத்துப் போடாதீர்கள் என்றது இதற்காகவும்தான்.

இரண்டாவது குவியல், கூட்டாக இருந்தது. கூட்டு வங்கிக் கணக்கு பெரும்பாலும் மற்றவருக்குப் போகும், வங்கி விதியைப் படித்து உறுதி செய்யுங்கள். வீவக வீடு (எச்டிபி என்ற அரசு அடுக்குமாடி வீடு) இரண்டு பெயரில் இருந்தால், எந்த வகைக் கூட்டு என்று கேளுங்கள். ஜாயின்ட் டெனன்சி என்றால் உயிரோடு இருப்பவருக்கு முழு வீடும். டெனன்சி இன் காமன் என்றால் அப்பாவின் பங்கு மட்டும் தனியாகப் பிரிந்து மூன்றாவது குவியலுக்கு வரும். வீட்டுக் கடன் பாக்கி இருந்தால் ஹோம் புரொடெக்‌ஷன் ஸ்கீம் காப்பீடு இருந்ததா என்று சேமநிதி வாரியத்தில் கேளுங்கள். குடிமகனோ நிரந்தரவாசியோ இல்லாத வாரிசு வீவக வீட்டைத் தன் பெயருக்கு மாற்றி வைத்துக்கொள்ள முடியாது. விற்றுப் பணமாகத்தான் பெற முடியும், அந்தக் கணக்கோடு திட்டமிடுங்கள்.

மூன்றாவது குவியல், மீதி எல்லாம். அப்பா பெயரில் மட்டும் இருந்த வங்கிக் கணக்கு, பங்குகள், வாகனம், சம்பளப் பாக்கி. நீதிமன்ற உத்தரவு தேவைப்படுவது பெரும்பாலும் இதற்குத்தான்.

இந்தியச் சொத்துக்குத் தனித் தாளில் இன்னொரு பட்டியல் போடுங்கள். இரண்டையும் கலக்காதீர்கள்.

5. பெயர்ப் பொருத்தம்

நம் ஆட்களுக்கென்றே உள்ள வில்லங்கம் இது. சிங்கப்பூர் அடையாள அட்டையில் ‘முருகேசன் சன் ஆஃப் கருப்பையா’. இந்தியக் கடவுச்சீட்டில் ‘கருப்பையா முருகேசன்’. ஊர்ப் பட்டாவில் ‘க. முருகேசன்’. அம்மாவின் ஆதாரில் கணவர் பெயர் ‘முருகேசு’. ஆங்கில எழுத்துக்கூட்டல் ஒவ்வொன்றிலும் வேறு. அங்கே இருக்கும் அதிகாரிக்கு இவை நான்கு மனிதர்கள்.

எந்த விண்ணப்பமும் போடும் முன், அப்பா, அம்மா, பிள்ளைகள் என ஒவ்வொருவருக்கும் ஒரு வரிசை எழுதுங்கள்: எந்த ஆவணத்தில் பெயர் எப்படி இருக்கிறது, பிறந்த தேதி என்ன. பிறகு எல்லா வடிவங்களையும் ஒரே தாளில் போட்டு “இன்னாருடைய இந்தப் பெயர்கள் அனைத்தும் ஒருவரையே குறிக்கும்” என்று நோட்டரி முன் ஒரே ஒரு உறுதிமொழிப் பத்திரம். ஒவ்வொரு அலுவலகத்துக்கும் தனித்தனிப் பத்திரம் போட்டால், அவற்றுக்கு நடுவிலேயே எழுத்துப் பிழை வந்து புதிய வம்பு பிறக்கும்.

அம்மாவுக்குத் திருமணப் பதிவு இல்லாதது இன்னொரு வழக்கமான ஓட்டை. அப்பாவின் கடவுச்சீட்டில் மனைவி பெயர், குடும்ப அட்டை, பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ் ஆகியவற்றைச் சேர்த்து வையுங்கள். அப்பாவின் பழைய கடவுச்சீட்டுகளைத் தூக்கி எறியாதீர்கள்.

6. தாசில்தார் தரும் வாரிசுச் சான்றிதழ்

இ-சேவை மையம் வழியாக விண்ணப்பித்தால் கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர் விசாரணை முடிந்து தாசில்தார் தருவார். அப்பாவின் நிரந்தர முகவரி எந்தத் தாலுகாவோ அங்கே. வெளிநாட்டு இறப்புச் சான்றிதழைப் பார்த்ததும் சில அலுவலகங்களில் தயங்குவார்கள். அதனால் அடுத்த படியில் வரும் அப்போஸ்டில் முத்திரையை இறப்புச் சான்றிதழுக்கு முன்கூட்டியே வாங்கிக்கொண்டு போங்கள். தூதரகப் பதிவும் இருந்தால் இன்னும் சுலபம்.

இந்தத் தாள் யார் யார் வாரிசு என்று மட்டும் சொல்லும். சிங்கப்பூர் வங்கியைப் பணம் கொடு என்று கட்டளையிட இதனால் முடியாது. இதை வாங்கியதும் நேராக அங்கே அனுப்பி, பதில் வரும் என்று காத்திருப்பதுதான் நான் அதிகம் பார்த்த தவறு. அங்கே இது ஆதாரமாக மட்டும் பயன்படும்.

பாட்டி பெயர் இதில் இருக்கிறதா என்று பாருங்கள். விட்டுப்போயிருந்தால் இப்போதே திருத்துங்கள். சிங்கப்பூருக்கு ஒரு வாரிசுப் பட்டியல், இங்கே வேறொரு பட்டியல் என்று இருக்கக் கூடாது.

7. அப்போஸ்டில்: எந்தத் தாளுக்கு, எந்த வரிசையில்

ஒரு நாட்டு ஆவணத்தை இன்னொரு நாடு நம்புவதற்கான முத்திரை இது. இந்தியா 2005இலும் சிங்கப்பூர் 2021 செப்டம்பரிலும் இந்த ஒப்பந்தத்துக்குள் வந்தன. அதனால் இரு நாடுகளுக்கும் இடையே தூதரகச் சான்றொப்பத்துக்காக அலையும் பழைய முறை இப்போது தேவையில்லை. பழைய அனுபவத்தை வைத்து அறிவுரை சொல்பவர்கள் இன்னும் அதைத்தான் சொல்வார்கள்.

சிங்கப்பூர் ஆவணங்களுக்கு சிங்கப்பூர் சட்டக் கழகம் அப்போஸ்டில் தரும். தமிழ்நாட்டு ஆவணங்களுக்கு முதலில் மாநில அரசின் சான்றொப்பம், பிறகு வெளியுறவு அமைச்சகத்தின் அப்போஸ்டில். அமைச்சகக் கட்டணம் 50 ரூபாய்தான். அமைச்சகம் பொதுமக்களிடம் நேரே வாங்காது, அது நியமித்த முகமைகள் வழியாகத்தான் கொடுக்க வேண்டும். அவர்களுக்குச் சேவைக் கட்டணம் தனி. ஆயிரக்கணக்கில் கேட்டால் யாருக்கு எவ்வளவு என்று பிரித்துக் கேளுங்கள்.

தமிழில் உள்ள ஆவணத்தை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து, மூலத்தையும் மொழிபெயர்ப்பையும் சேர்த்து நோட்டரி செய்த பிறகே முத்திரைக்குக் கொடுங்கள். முத்திரை வாங்கிவிட்டு அப்புறம் மொழிபெயர்த்தால், மொழிபெயர்ப்புக்கு எந்த மதிப்பும் இருக்காது. அதற்கு இன்னொரு சுற்று. கட்டை அவிழ்த்து நகலெடுப்பதும் கூடாது. முத்திரைத் தாள் ஆவணத்திலிருந்து பிரிந்தால் சந்தேகம் வரும்.

8. சிங்கப்பூரில்: பொது அறங்காவலரா, நீதிமன்றமா?

மூன்றாவது குவியலின் மதிப்பு, சேமநிதியைத் தவிர்த்து, 50,000 டாலருக்குள் இருந்து உயிலும் இல்லை என்றால் முதலில் பொது அறங்காவலர் அலுவலகத்தைக் கேளுங்கள். சில நிபந்தனைகளுக்கு உட்பட்டு அவர்களே சொத்தை வசூலித்துப் பிரித்துத் தருவார்கள். வழக்கறிஞர் செலவு மிச்சம். இதைக் கேட்காமலேயே வழக்கறிஞரிடம் போனவர்களைப் பார்த்திருக்கிறேன். சின்னத் தொகையில் பெரிய பங்கு கட்டணமாகப் போனது.

அதற்கு மேல் என்றால் குடும்ப நீதிமன்றம். உயில் இருந்தால் அதை உறுதி செய்யும் கிராண்ட் ஆஃப் புரோபேட், இல்லாவிட்டால் சொத்தை வசூலித்துப் பிரிக்க ஒரு நிர்வாகியை நியமிக்கும் லெட்டர்ஸ் ஆஃப் அட்மினிஸ்ட்ரேஷன். 50 லட்சம் டாலர் வரை குடும்ப நீதிமன்றமே விசாரிக்கும். இறந்து ஆறு மாதத்துக்குள் மனுப் போடுவது நல்லது. தாண்டினால் தாமதத்துக்குக் காரணம் சொல்ல வேண்டும், உரிமை போய்விடாது.

மனுப் போடும் உரிமையில் முதலிடம் மனைவிக்கு. அம்மா வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தால்தான் பிள்ளைகள். அம்மாவுக்கு வயதாகிவிட்டது, வெளிநாடு போக முடியாது என்றால், அங்கே நம்பிக்கையான ஒருவருக்குப் பவர் கொடுத்து அவர் பெயரில் உத்தரவு வாங்கலாம். அந்தப் பவரின் வாசகத்தை சிங்கப்பூர் வழக்கறிஞரிடமே எழுதி வாங்குங்கள். ஊரில் ஒரு பத்திர எழுத்தர் நிலம் விற்கும் பவர் போல எழுதிக் கொடுத்தால் அங்கே தள்ளிவிடுவார்கள். நோட்டரி, மாநிலச் சான்றொப்பம், அப்போஸ்டில் என்று எல்லாம் முடித்த பிறகு தள்ளப்படுவது மிகவும் வயிற்றெரிச்சல்.

21 வயது ஆகாத வாரிசு இருந்தால் குறைந்தது இரண்டு நிர்வாகிகள் வேண்டும். நம் கணக்கில் 18 ஆனால் மேஜர், அங்கே 21. கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கும் தங்கை அந்த நீதிமன்றத்துக்கு மைனர். அம்மா மட்டும் மனுவில் இருந்தால் திரும்பி வரும். தாய்மாமாவோ மூத்த அக்காவோ இரண்டாவது ஆளாகச் சேர வேண்டியிருக்கும், அவர்களிடம் முன்கூட்டியே பேசிவிடுங்கள்.

டொமிசைல் இந்தியா என்றால், இந்தியச் சட்டப்படி யாருக்கு எவ்வளவு பங்கு என்று இங்குள்ள ஒரு வழக்கறிஞரின் சத்தியப் பிரமாணம் அங்கே தேவைப்படும். மூன்றாம் படியை முடிக்காமல் இங்கே வந்தால் சிக்கிக்கொள்வது இதில்தான்.

மனுவோடு சொத்துப் பட்டியலும் தாக்கலாகும், வங்கிகள் அதைப் பார்த்துத்தான் பணத்தை விடுவிக்கும். பட்டியலில் இல்லாத கணக்கு பிறகு கிடைத்தால் துணைப் பட்டியல் போட வேண்டும், மறுபடி செலவு. கணக்கு இருக்கிறதா என்று எல்லா வங்கிகளுக்கும் வழக்கறிஞர் வழியாக ஒரு கடிதம் போடச் சொல்லுங்கள். தெரிந்த வங்கிக்கு மட்டும் எழுதுவது போதாது.

9. கடனைக் கழித்த பிறகுதான் பங்கு

2008 பிப்ரவரி 15 முதல் நடந்த இறப்புகளுக்கு சிங்கப்பூரில் இறந்தவர் விட்டுச்சென்ற சொத்து மீதான வரி, அதாவது எஸ்டேட் டியூட்டி, கிடையாது. கடன் உண்டு. கடன் அட்டை, மருத்துவமனை, வருமான வரிப் பாக்கி எல்லாம் மூன்றாவது குவியலிலிருந்து முதலில் போகும். நிர்வாகி இவற்றைத் தீர்க்காமல் பங்கு பிரித்துவிட்டால் தன் கையிலிருந்து கட்ட நேரிடலாம்.

அப்பாவின் கடனுக்காகப் பிள்ளை தன் சொந்தப் பணத்திலிருந்து கட்ட வேண்டியதில்லை, ஜாமீன் போட்டிருந்தால் தவிர. “அப்பா என்னிடம் வாங்கினார்” என்று அங்கிருந்து தொலைபேசியில் கேட்பவர்களிடம் ஆதாரத்தை எழுத்தில் அனுப்பச் சொல்லுங்கள். பாசத்தில் “நான் கட்டிவிடுகிறேன்” என்று வாட்ஸாப்பில் எழுதிவிடாதீர்கள்.

10. இந்தியாவில் உள்ள சொத்து

சிங்கப்பூர் உத்தரவை இங்கே நீட்டினால் பட்டா மாறாது. அந்தப் பாதை அங்கே, இந்தப் பாதை இங்கே. இரண்டையும் ஒரே சமயத்தில் நடத்தலாம், ஏழாம் படி வரை இரண்டுக்கும் பொது.

என்ஆர்இ, என்ஆர்ஓ (வெளிநாட்டில் வசிப்பவரின் இந்திய வருமானத்துக்கான கணக்கு) கணக்குகளுக்கு நாமினி இருந்தால் இறப்புச் சான்றிதழோடு வங்கிக்குப் போங்கள். ஊரில் வசிக்கும் வாரிசுக்கு ரூபாயில் தருவார்கள். நாமினி இல்லாமல் தொகையும் பெரிது என்றால் வங்கி நீதிமன்றத்தின் வாரிசுரிமைச் சான்றிதழ் கேட்கும். இது தாசில்தார் தருவதிலிருந்து வேறு. பணத்துக்கும் பங்குப் பத்திரங்களுக்கும்தான் இது, நிலத்துக்கு இல்லை.

நிலத்துக்கு வாரிசுச் சான்றிதழ் வைத்துப் பட்டாவில் எல்லா வாரிசு பெயரையும் ஏற்றுங்கள். பிறகு பாகப்பிரிவினையோ விடுதலைப் பத்திரமோ. வாரிசுகளில் ஒருவர் வெளிநாட்டில் இருந்து அங்கிருந்து பவர் அனுப்பினால், இந்தியாவுக்கு வந்த மூன்று மாதத்துக்குள் அதற்கு முத்திரைக் கட்டணம் கட்ட வேண்டும். கூரியர் உறையைத் தூக்கிப் போடாதீர்கள், வந்த தேதிக்கு அதுதான் சாட்சி.

சிங்கப்பூரில் உயில் நிரூபிக்கப்பட்டு அதில் இந்தியச் சொத்தும் இருந்தால், இந்திய வாரிசுரிமைச் சட்டம் 1925இன் 228ஆம் பிரிவின் கீழ், சான்றளித்த நகலோடு இங்கே உத்தரவு கேட்கலாம். அந்த உயிலை முதலிலிருந்து மறுபடி நிரூபிக்கத் தேவையில்லை.

11. பணம் வந்து சேர்வதும் வரியும்

வெளிநாட்டில் வசித்தவரிடமிருந்து வாரிசாக வந்த வெளிநாட்டுப் பணத்தையும் சொத்தையும் இந்தியாவில் வசிப்பவர் வைத்துக்கொள்ள ஃபெமா என்ற அந்நியச் செலாவணிச் சட்டத்தின் 6(4) பிரிவு அனுமதிக்கிறது. ஆக, அவசரப்பட்டு வீட்டை அடிமாட்டு விலைக்கு விற்க வேண்டியதில்லை. பணத்தைக் கொண்டுவருவதானால் நிர்வாகியின் கணக்கிலிருந்து நேராக உங்கள் வங்கிக் கணக்குக்கு வர வேண்டும். வாரிசுப் பணம் என்று காரணம் எழுதி, வந்ததற்கான சான்றை வங்கியில் வாங்குங்கள். உண்டியல் (ஹவாலா), நண்பர் கணக்கு, ஊருக்கு வருபவர் கையில் கொஞ்சம் என்று பிரித்துக் கொண்டுவந்தால், சுத்தமான பணத்துக்குக் கணக்குக் காட்ட முடியாமல் போய்விடும்.

வாரிசாக வந்த தொகைக்கு இந்தியாவில் வருமான வரி இல்லை. வந்த பிறகு அது ஈட்டும் வட்டிக்கும் வாடகைக்கும் வரி உண்டு. சொத்தை அங்கேயே வைத்திருந்தால் வருமான வரிக் கணக்கில் வெளிநாட்டுச் சொத்து அட்டவணையில் ஒவ்வொரு வருடமும் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் கறுப்புப் பணச் சட்டத்தின் கீழ் 10 லட்சம் ரூபாய் அபராதம் வரலாம். 2024 அக்டோபர் முதல், அசையாச் சொத்து நீங்கலாக மொத்தம் 20 லட்சம் ரூபாய்க்கு உட்பட்டவற்றுக்கு இந்த அபராதம் இல்லை. வீட்டுக்கு அந்தச் சலுகை கிடையாது. அப்பாவின் வீட்டில் உங்களுக்குக் கால் பங்குதான் என்றாலும் அந்தக் கால் பங்கைக் காட்டுங்கள்.

கடைசியாக அப்பாவின் பான் எண்ணை முடிக்கும் வேலை. இறந்த நாள் வரையிலான அவருடைய இந்திய வருமானத்துக்குக் கணக்குத் தாக்கல் செய்து, திரும்ப வர வேண்டிய வரி ஏதும் இருந்தால் அதையும் வாங்கிய பிறகுதான் பானை ஒப்படைக்க வேண்டும். முன்னாலேயே ஒப்படைத்துவிட்டால் அந்தத் தொகையை வாங்குவது பெரும்பாடு.